வியரி டன்லப்: சயாம் மரண ரயில் முகாம்களின் ராணுவ மருத்துவர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில் பாதை என்றால் மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பாட்டனாரின் பெயராவது வரும். அதே பாதையில் போர்க்கைதிகளோடு இருந்த ஆஸ்திரேலிய ராணுவ மருத்துவர் டன்லப் பற்றியும், அவர் செய்த வைத்தியம் பற்றியும், போருக்குப் பின் அவர் வாழ்ந்த 48 ஆண்டுகள் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: டன்லப் யார்? ஒரே பத்தியில் சொல்ல முடியுமா?

எர்னெஸ்ட் எட்வர்ட் டன்லப். 1907 ஜூலை 12-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வாங்கரட்டா என்ற ஊரில் பிறந்தவர், விவசாயக் குடும்பம். முதலில் மருந்தாளுநர் படிப்பு, பிறகு மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், 1938-ல் லண்டனில் அறுவை சிகிச்சைக்கான எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம். ஆறடி நாலங்குல உயரம், குத்துச்சண்டைக்காரர், ஆஸ்திரேலிய ரக்பி அணியில் ஆடியவர். 1942 முதல் 1945 வரை ஜப்பானியரின் கைதி. 1993 ஜூலை 2-ல் மெல்பர்னில் காலமானார்.

கேள்வி: 'வியரி' என்ற பட்டப்பெயர் எதற்கு?

அவர் சோர்ந்து போனவர் என்பதால் அல்ல. டன்லப் என்றால் டயர் கம்பெனி. டயர் என்ற ஒலி ஆங்கிலத்தில் 'டயர்ட்' என்பதை நினைவூட்டும், அதற்கு இன்னொரு சொல் 'வியரி'. கல்லூரி விடுதியில் மாணவர்கள் சூட்டிய சொல்விளையாட்டுப் பெயர் சாகும்வரை ஒட்டிக்கொண்டது.

கேள்வி: எப்படிச் சிறைபட்டார்?

1939-ல் போர் தொடங்கியபோது லண்டனில் இருந்தார். அங்கேயே ஆஸ்திரேலிய ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். ஜெருசலேம், கிரீஸ், கிரீட், டோப்ருக் என்று இரண்டு ஆண்டுகள். 1942 தொடக்கத்தில் ஜாவாவில் இறங்கி பாண்டுங் நகரில் நேச நாட்டுப் பொது மருத்துவமனைக்குப் பொறுப்பேற்றார். மார்ச் மாதம் ஜாவா வீழ்ந்தது. மருத்துவமனையைக் கலைக்கும்படி ஜப்பானியர் உத்தரவிட்டார்கள். இரண்டு கைகளையும் கண்பார்வையையும் இழந்த பில் கிரிஃபித்ஸ் என்ற பிரிட்டிஷ் விமானப்படை வீரரை நோக்கித் துப்பாக்கி ஈட்டிகள் நீண்டபோது டன்லப் குறுக்கே போய் நின்றார். கிரிஃபித்ஸ் பிழைத்து, போருக்குப் பின்னும் நீண்ட காலம் வாழ்ந்தார்.

கேள்வி: மருத்துவர் ஒருவர் ஏன் முகாம் தளபதியாகவும் இருந்தார்?

வழக்கமாக ராணுவ மருத்துவர் போர்வீரர்களுக்குத் தலைமை தாங்குவதில்லை. ஜாவாவில் சிறைபட்ட ஆஸ்திரேலியர்களில் உயர்ந்த பதவியில் இருந்தவர்களுள் அவர் ஒருவர், ஆட்களின் நம்பிக்கையும் அவருக்கு இருந்தது. 1943 ஜனவரியில் ஜாவாவிலிருந்து சிங்கப்பூர் வழியாகத் தாய்லாந்துக்கு அனுப்பப்பட்ட சுமார் 900 பேருக்கு அவரே தலைவர். அந்தக் கூட்டத்துக்கு 'டன்லப் படை' என்றே பெயர். கொன்யு, ஹின்டோக் முகாம்களில் இவர்கள் வேலை செய்தார்கள்.

இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கழிப்பிடக் குழி எங்கே வெட்டுவது, தண்ணீர் காய்ச்ச எத்தனை பேரை ஒதுக்குவது, கைதி அதிகாரிகளின் சம்பளத்தில் நோயாளிகளுக்காக எவ்வளவு பிடிப்பது: இவை மருத்துவர் சொல்லும் ஆலோசனையாக மட்டும் இருந்திருந்தால் பாதி காற்றில் போயிருக்கும். ஹின்டோக்கில் அவை தளபதியின் உத்தரவுகள். டன்லப்பின் சாதனையைக் கத்தியில் தேடுகிறவர்கள் அதிகம். எங்கள் கணிப்பில் அது முகாம் ஒழுங்கில்தான் அதிகம் இருக்கிறது.

கேள்வி: ரயில் பாதை பற்றி அடிப்படைத் தகவல்?

தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி, 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் வேலை செய்தார்கள், 12,000-க்கும் மேல் இறந்தார்கள். அவர்களில் சுமார் 2,800 பேர் ஆஸ்திரேலியர்கள். ஆசியத் தொழிலாளர்களுக்குச் சரியான பதிவேடே இல்லை. சுமார் 2 லட்சம் பேர் என்பது பொதுக் கணக்கு, இறந்தவர்கள் குறைந்தபட்சம் 75,000 என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

1943 ஏப்ரலிலிருந்து 'ஸ்பீடோ' காலம். வேலையை விரைவுபடுத்து என்ற கூச்சலே காலத்துக்குப் பெயராயிற்று. மே மாதம் மழை இறங்கியது. ஹெல்ஃபயர் கணவாய் என்று இன்று அழைக்கப்படும் கொன்யு பாறைவெட்டில், ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்ப, மற்றவர் சம்மட்டியால் அடித்து வெடிமருந்துக்கு ஓட்டை போட வேண்டும். இரவில் மூங்கில் தீவெளிச்சத்தில் வேலை நடந்தது.

கேள்வி: காலையில் நோயாளிகளை எப்படிப் பிரித்தார்கள்?

ஜப்பானியப் பொறியாளர் பிரிவு முந்தைய இரவே 'நாளைக்கு இத்தனை ஆள்' என்று எண்ணிக்கை கொடுத்துவிடும். முகாமில் எத்தனை பேர் நிற்கக்கூடிய நிலையில் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குப் பொருட்டல்ல. விடியும் முன் மருத்துவர் ஒவ்வொருவரையும் பார்த்து, கனமான வேலை, இலகுவான வேலை, முகாமுக்குள் வேலை, படுக்கை என்று பிரிப்பார். எண்ணிக்கை குறைந்தால் காவலர்கள் மருத்துவமனைக் குடிசைக்குள் புகுந்து ஆட்களை இழுப்பார்கள். டன்லப் நடக்க முடியாதவரைத் தூக்கி வந்து காவலர் முன் கிடத்தி வாதாடியதை உடனிருந்தவர்கள் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்கு அடியும் வாங்கினார்.

இதில் மருத்துவருக்கு இருந்த கொடிய சிக்கல் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. ஒருவரைப் படுக்கையில் வைத்தால் அவர் இடத்துக்கு இன்னொருவர் போயாக வேண்டும். ஆகவே கேள்வி 'யாருக்கு நோய்' என்பதல்ல, 'இன்று போனால் திரும்பி வரமாட்டார் யார்' என்பது. மலேரியாக் காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆனவரை அனுப்பிவிட்டு, ரத்தபேதிக்காரரை நிறுத்துவது போன்ற முடிவுகளைத் தினமும் எடுத்தார்கள்.

கேள்வி: காலராவை எதைக் கொண்டு எதிர்கொண்டார்கள்?

1943 மழைக்காலத்தில் வாந்திபேதி ஆற்றுவழியே முகாம் முகாமாக இறங்கியது. கடுமையான காலராவில் ஒரே நாளில் 10 லிட்டருக்கு மேல் நீர் போகும். நாடி விழும், தோல் சுருங்கும், கெண்டைக்கால் தசை முறுக்கும். போன நீரையும் உப்பையும் திரும்ப ஏற்றினால் ஆள் பிழைப்பார். வாய்வழி உப்புக்கரைசல் முறை 1960-களில்தான் உருவானது. வாந்தி நிற்காதவருக்கு அன்று நரம்பு வழி ஏற்றுவது ஒன்றே வழி. கொல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைநாட்டிய உப்புநீர் முறையை இந்த மருத்துவர்கள் படித்திருந்தார்கள். இல்லாதது பொருட்கள்தான். காட்டில் அதை இப்படிச் செய்தார்கள்:

முதலில் ஆற்றுநீரைத் துணியில் வடிகட்டிக் கொதிக்க வைப்பார்கள். முடிந்த இடங்களில் ஆவியைக் குழாய்வழி குளிரச் செய்து வடிநீராக்குவார்கள். லாரியிலிருந்து திருடிய எரிபொருள் குழாய், அதைச் சுற்றி மூங்கில், மூங்கிலுக்குள் ஓடும் ஓடைத் தண்ணீர்: சாராயம் காய்ச்சும் அடுப்பின் அதே தத்துவம். லிட்டருக்கு சுமார் 9 கிராம் உப்பு, காலராவுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். உப்பு சமையலறைக் கல்லுப்புதான், ஆகவே கரைத்தபின் மறுபடி வடிகட்டல், மறுபடி கொதி. பாட்டிலைக் கூரையிலிருந்து கட்டித் தொங்கவிட்டு, ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாயை அதில் பொருத்தி, நுனி சீவிய மெல்லிய மூங்கில் குழலை நரம்புக்குள் நுழைப்பார்கள். நீர் வற்றிய உடலில் நரம்பு கையில் தட்டுப்படாது. அதனால் தோலைக் கீறி, நரம்பை வெளியே எடுத்துக் குழலை நூலால் கட்ட வேண்டும்.

தவறுவது எங்கே? தண்ணீரில் செத்த கிருமிகளின் கழிவு மிச்சமிருந்தால், கொதித்த நீராக இருந்தும் குளிர்நடுக்கம் வரும். அதனால் அன்றன்று வடித்ததை அன்றே ஏற்ற வேண்டும். சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயால் இதயம் தளர்ந்தவருக்கு வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். உப்பு மட்டும் போய்ச் சேரும், பொட்டாசியம் போகாது. அதனால் வயிற்றுப்போக்கு நின்றபின்னும் தசை சோர்ந்து கிடந்தவர்கள் உண்டு. ஒரு தடவை ஏற்றி எழுந்து உட்கார்ந்தவர் நாலு மணி நேரத்தில் மறுபடி சரிவார். கூடவே இருந்து கவனிக்க ஓர் ஊழியர் வேண்டும். அந்த ஊழியர்கள் காலராக் குடிசையிலேயே தங்கினார்கள். அவர்களில் பலருக்குப் பெயர் தெரியும் புகழ் எதுவும் கிடைக்கவில்லை.

தடுப்புக்கு ஒரே விதி: கொதிக்காத நீர் வாய்க்குள் போகக் கூடாது. சாப்பாட்டு வரிசையின் தலைமாட்டில் ஒரு பெரிய டின்னில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொருவரும் தட்டையும் கரண்டியையும் அதில் முக்கி எடுத்த பிறகே கஞ்சி. களைத்து வருபவன் இதை ஒரு நாள் விட்டாலும் போதும்.

கேள்வி: வெப்பமண்டலப் புண் என்றால் என்ன? கால்களை ஏன் வெட்டினார்கள்?

மூங்கில் முள்ளோ கல்லோ கீறிய சிறு காயம். பட்டினி உடலில் அது ஆறாமல், ஒரு வாரத்தில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தசையை அரித்து, எலும்பை வெளியே காட்டும். நாற்றம் குடிசைக்கு வெளியே வீசும். முதல் சிகிச்சை, அழுகிய தசையைச் சுரண்டி எடுப்பது. கருவி, விளிம்பு கூர்தீட்டிய சாப்பாட்டுக் கரண்டி. மயக்க மருந்து கிடையாது, நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். பிறகு சூடான உப்புநீர் ஒத்தடம், கிடைத்தால் அயோடோஃபார்ம் என்ற கிருமிநாசினித் தூள். கட்டுத்துணி கழற்றிய உடன் துவைத்துக் கொதிக்க வைத்து அடுத்த காலுக்கு. சிலர் ஆற்றில் காலை நீட்டி, சிறு மீன்கள் அழுகலைக் கொத்தித் தின்ன விட்டார்கள்.

சுரண்டுவதில் நல்ல தசை வரை போய்விட்டால் புண் இன்னும் பரவும், குறைவாக நின்றால் மிச்சம் அழுகும். எலும்புக்குள் சீழ் இறங்கிவிட்டாலோ நஞ்சு உடலில் ஏறினாலோ தொடையில் வெட்டுவதே மீதி. பர்மா பக்கம், தன்பியூசயாத்திலிருந்து 55-ஆம் கிலோமீட்டரில் இருந்த முகாமில் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஆல்பர்ட் கோட்ஸ் சுமார் 120 கால்களை எடுத்தார். ஒரு டச்சு வேதியியலாளர் தயாரித்துக் கொடுத்த கொக்கெய்ன் கரைசலை முதுகுத்தண்டில் போட்டு உணர்வை மரக்கச் செய்தார். கால் இழந்தவர்களுக்கு முகாமிலேயே மூங்கிலாலும் மரத்தாலும் செயற்கைக் கால் செய்தார்கள்.

கேள்வி: உணவுக்கும் மருந்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

தீட்டிய அரிசி மட்டுமே தின்றால் தயாமின் சத்து கிடைக்காது. பெரிபெரி வரும், கால் வீங்கும். தேவைப்பட்டது தவிடு, பச்சைப்பயறு, வேர்க்கடலை, வாத்து முட்டை. நம் சமையலறையில் எளிதாக இருக்கும் பொருட்களே அங்கே உயிர்மருந்து. ஜப்பானியர், கைதிகளான அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், வேலைக்குப் போன சிப்பாய்களுக்குச் சில்லறை. படுத்திருந்த நோயாளிக்கு ஒன்றுமில்லை, சாப்பாட்டு அளவும் குறைவு. டன்லப் அதிகாரிகளின் சம்பளத்தில் கட்டாயப் பிடித்தம் போட்டு நோயாளிகளுக்கு முட்டை வாங்கினார். எதிர்ப்பு வந்தது, விட்டுக்கொடுக்கவில்லை.

வாங்கிக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் காஞ்சனபுரி வியாபாரி பூன்போங். படகில் காய்கறி ஏற்றிப் போவது வெளித்தொழில். அதன் அடியில் மருந்தும் பணமும் போயின. பிடிபட்டால் உயிர் போயிருக்கும்.

கேள்வி: காட்டில் ரத்தம் ஏற்றியது உண்மையா?

உண்மை. சுங்காய் மருத்துவமனை முகாமில் கனடா நாட்டு மருத்துவர் ஜேக்கப் மார்கோவிட்ஸ் அதை நடத்தினார். 1944-ல் டன்லப்பும் சுங்காயில் பணியாற்றினார். உறைவதைத் தடுக்கும் சிட்ரேட் உப்பு இல்லை. அதனால் எடுத்த ரத்தத்தைக் கிண்ணத்தில் குச்சியால் மோர் கடைவதுபோல் சில நிமிடங்கள் கலக்குவார்கள். உறையும் நார்ப்பொருள் குச்சியில் சுற்றிக்கொள்ளும், மீதியைப் பல மடிப்புத் துணியில் வடித்து ஏற்றலாம். கொடுப்பவர், பெறுபவர் ரத்தத்தைத் தட்டில் ஒரு துளி கலந்து, திரளாமல் இருந்தால்தான் ஏற்றுவார்கள்.

கேள்வி: தமிழ்த் தொழிலாளர்களுக்கு இந்த வைத்தியம் கிடைத்ததா?

இல்லை என்பதே பெரும்பாலும் பதில். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட சுமார் 75,000 பேரில் மிகப் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை என்று சொல்லி அழைத்தார்கள். ஆள் வராதபோது லாரியில் பிடித்துப் போட்டார்கள். மனைவி மக்களோடு போனவர்களும் உண்டு.

கைதிகளின் முகாமில் சோறு குறைவு, மருந்து இல்லை, அடி உண்டு. ஆனால் பதவி வரிசை இருந்தது, மருத்துவர் இருந்தார், பயிற்சி பெற்ற ஊழியர் இருந்தார், கழிப்பிடத்துக்கும் கொதிநீருக்கும் விதி இருந்தது. தொழிலாளர் முகாமில் அதே மழை, அதே ஆறு, அதே காலரா, இவற்றில் ஒன்றுகூட இல்லை. கங்காணிக்கு மருத்துவம் தெரியாது. காலரா வந்ததும் பிழைத்தவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள், அந்தக் கிருமி அவர்களோடு அடுத்த முகாமுக்குப் போனது. கைதிகளில் ஐந்தில் ஒருவர் இறந்தார். தொழிலாளர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள், சில முகாம்கள் முழுவதுமாகவே அழிந்தன. ஒரு மருத்துவரும் நாலு பெரிய டின் கொதிநீரும் என்ன செய்யும் என்பதற்கு இந்த வேறுபாட்டைவிடத் தெளிவான சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

1943 ஜூனில் சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து 'கே படை' என்ற பெயரில் 30 மருத்துவ அதிகாரிகளையும் 200 ஊழியர்களையும், ஆகஸ்ட்டில் 'எல் படை' என்று 15 அதிகாரிகளையும் 100 ஊழியர்களையும் தொழிலாளர் முகாம்களுக்காக ஜப்பானியர் அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டரில் சிதறிக் கிடந்த அத்தனை பேருக்கு 45 மருத்துவர்கள், அதுவும் மருந்தில்லாமல், காலரா பரவத் தொடங்கிய பிறகு.

கேள்வி: டன்லப் ஒருவர்தான் இதையெல்லாம் செய்தாரா?

அப்படிச் சொல்வது தவறு, அவரே அதை ஏற்றதில்லை. ஜப்பானியர் கையில் 106 ஆஸ்திரேலிய மருத்துவர்கள் சிக்கினார்கள். டன்லப்பின் முகாமிலேயே ஆர்தர் மூன், யூவன் கார்லெட் போன்ற திறமையான மருத்துவர்கள் இருந்தார்கள். பர்மாவில் கோட்ஸ், ரௌலி ரிச்சர்ட்ஸ், 'எஃப் படை' என்ற இன்னொரு கைதிக் கூட்டத்தில் புரூஸ் ஹன்ட், காட்டு மூலிகைகளை நன்கறிந்த டச்சு மருத்துவர் ஹென்றி ஹெக்கிங். டன்லப்பின் பெயர் முன்னே வந்ததற்கு அவரது நாட்குறிப்பு ஒரு காரணம். துண்டுத் தாள்களில் எழுதி ஒளித்துக் காப்பாற்றியதை அவர் 40 ஆண்டுகள் வெளியிடவில்லை. இறந்தவர்களின் குடும்பத்தாருக்கு வலிக்கும் என்று தயங்கினார். 1986-ல் அச்சில் வந்த பிறகுதான் நாடு முழுவதும் அவரை அறிந்தது.

கேள்வி: போர் முடிந்தபின் என்ன செய்தார்?

1945 நவம்பரில், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த ஹெலன் ஃபெர்குசனை மணந்தார். இரண்டு மகன்கள். ராயல் மெல்பர்ன் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணர். உணவுக்குழாய்ப் புற்றுநோய் அவரது தனி ஈடுபாடு. முன்னாள் கைதிகள் எந்த நேரத்தில் வந்தாலும் பார்த்தார். பலருக்கு அமீபாக் குடல்நோயும் குடற்புழுவும் பல ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டன. முகாம் பதிவேடு இல்லாததால் ஓய்வூதியத் துறை நம்ப மறுத்தபோது அவரது கடிதம் சான்றாகப் பயன்பட்டது.

கொழும்புத் திட்டம் என்ற ஆசிய நாடுகளுக்கான உதவித் திட்டத்தின் கீழ் 1956-ல் தாய்லாந்திலும் இலங்கையிலும், பின்னர் இந்தியாவிலும் அறுவை சிகிச்சை கற்பித்தார். 1969-ல் தென் வியட்நாமில் ஆஸ்திரேலிய மருத்துவக் குழுவுக்குத் தலைமை. அதே ஆண்டு சர் பட்டம். 1976-ல் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர். தாய்லாந்து இளம் அறுவை மருத்துவர்கள் ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெறும் உதவித்தொகைக்கு அவர் பெயரும் பூன்போங் பெயரும் சேர்த்தே வைக்கப்பட்டிருக்கின்றன.

கேள்வி: தன்னை அடித்தவர்களை மன்னித்தாரா?

ஹின்டோக்கில் ஜப்பானியருக்காகக் காவலராக இருந்த கொரியர் யி ஹாக்-ரே. போருக்குப் பின் அவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, 20 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1991-ல் கான்பெராவில் நடந்த ஒரு கருத்தரங்கில் இருவரும் சந்தித்தார்கள். யி மன்னிப்புக் கேட்டு, ஒரு தங்கக் கடிகாரத்தை நீட்டினார். டன்லப் வாங்கிக்கொண்டார், கைகுலுக்கினார். முன்னாள் கைதிகள் எல்லோரும் இதை ஏற்கவில்லை, ஏற்காதவர்களுக்கும் நியாயம் உண்டு.

கேள்வி: நேரில் பார்க்க வேண்டுமானால்?

காஞ்சனபுரியிலிருந்து வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டரில் ஹெல்ஃபயர் கணவாய். பழைய பாதையில் ரயில் நாம் டோக் வரை மட்டுமே ஓடுகிறது, அதற்கு மேல் பேருந்தோ வாடகைக் காரோ. அங்குள்ள அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. பாறைவெட்டுக்குப் படி இறங்க வேண்டும். அங்கிருந்து ஹின்டோக் வெட்டுப் பக்கமாக நடைபாதை போகிறது. அடியில் சரளைக்கல், ஆகவே செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். தண்ணீர் எடுத்துக்கொண்டு காலையிலேயே தொடங்குங்கள். பாறைச் சுவரில் உளி இறங்கிய நீண்ட பள்ளங்களை விரலால் தடவிப் பார்க்கலாம். டன்லப்பின் அஸ்தியில் ஒரு பகுதி 1994 ஏப்ரல் 25-ல் இந்தக் கணவாயில் வைக்கப்பட்டது.

காஞ்சனபுரி நகரில் ரயில் நிலையத்துக்கு அருகே கைதிகளின் கல்லறைத் தோட்டம், 6,900-க்கும் மேற்பட்ட கல்லறைகள். தொழிலாளர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. அவர்களைத் தேடிப் போகிறவர்கள் அதே நகரில் வாட் தாவோர்ன் வராராம் கோயிலுக்குப் போக வேண்டும். அங்கே உள்ள நினைவுத் தூபி அவர்களுக்கானது. பெயர்ப் பட்டியல் இருக்காது. பாட்டனாரின் பெயரை நீங்களே எழுதி எடுத்துச் செல்லுங்கள்.